யார் பெயரில் அனுப்புவது

சாமி,

உன் செய்தி வியாழக்கிழமை காலை அப்பாவின் ஃபோனுக்கு வந்தது. அவர் அதை எனக்குப் படித்துக் காட்டவில்லை. ஃபோனையே என் கையில் கொடுத்துவிட்டு, மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டார். நீயும் ஷாலினியும் அடுத்த மாதம் புனேயிலேயே பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறீர்கள், நாங்கள் இரண்டு பேரும் வந்தால் போதும், பெரிதாக எதுவும் வேண்டாம் என்று எழுதியிருந்தாய். மூன்று தடவை படித்தேன். அப்பா துணியோடு இறங்கி வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். சந்தோஷமும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் உன்னிடம் சொல்லியாக வேண்டிய ஒன்று எனக்கு இருக்கிறது. எட்டு வருடமாகச் சொல்லவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் ஐந்து நாள் உட்கார்ந்துவிட்டேன். கடைசி மூன்று மாதமாக என் தலைக்குள் இரண்டு விஷயங்கள் நூல்கண்டு போலச் சிக்கிக் கிடக்கின்றன. ஒன்று, நீ எனக்கு இணைத்துக் கொடுத்த அந்த ஏஐ உதவியாளர். இன்னொன்று, அதைவிடப் பழையது. எது எங்கே முடிகிறது, எது எங்கே தொடங்குகிறது என்று பிரிக்க எனக்குத் தெரியவில்லை. அதனால் நடந்தது நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் என் வலது மணிக்கட்டில் வலி வந்தது உனக்குத் தெரியும். விதைக் கவர் ஒட்டுவதைவிட, மாதாமாதம் வாடிக்கையாளர்களுக்கு எழுதும் அந்தக் கடிதத்தைத் தட்டுவதுதான் கஷ்டமாக இருந்தது. நீதான் அந்த மெயில் சேவையை எனக்கு ஆரம்பத்தில் அமைத்துக் கொடுத்தாய். ஒரு கடிதம் எழுதினால் பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் ஒரே சமயத்தில் போய்விடும். மாடித் தோட்டம் போடுகிறவர்கள், மைசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் ஆயிரத்துக்கும் மேலே ஆட்கள். கன்னடத்தில் ஒன்று, தமிழில் ஒன்று என்று மாதத்துக்கு இரண்டு கடிதம். வலியைச் சொன்னதும் நீ, "அந்த ஏஐயை மெயில் சேவையோட கனெக்ட் பண்ணிட்டா நீ வாயால சொன்னாப் போதும்மா. அதுவே எழுதி, யாருக்குப் போகணுமோ அவங்களைப் பொறுக்கி, ரெடி பண்ணி வெச்சுரும்" என்றாய். நிறுத்திவிடலாம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீ சொன்னதும் ஆசை வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்கும். அப்பா ஃபோனைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றார், நீ புனேயிலிருந்து ஒவ்வொன்றாகச் சொன்னாய். இதைத் திற, அதைத் தேடு, கனெக்டர் என்று இருக்கும், அதை அழுத்து. எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் ஒரு பக்கம் வந்தது. இந்த உதவியாளருக்கு நீங்கள் எதற்கெல்லாம் அனுமதி தருகிறீர்கள் என்று இங்கிலீஷில் வரிசையாக எழுதியிருந்தது. உங்கள் பட்டியலைப் பார்க்க. உங்கள் பழைய கடிதங்களைப் படிக்க. புதிய கடிதங்கள் எழுத. உங்கள் சார்பாக அனுப்ப. அந்த நாலாவது வரியில் என் கை நின்றுவிட்டது.

"அழுத்தும்மா, அஷ்டே, அவ்வளவுதான், முடிஞ்சுது" என்று நீ சொன்னாய்.

"எம்பேர்ல அதுவே அனுப்பீருமா சாமி?"

"நீ சொன்னாத்தான் அனுப்பும்."

"நாஞ் சொல்லாம அனுப்பிச்சா, வாங்கறவங்களுக்கு எப்படித் தெரியும் அது நானில்லைன்னு?"

நீ சிரித்தாய். "யாருக்கும்மா தெரியும். உம்பேருதானே இருக்கும்."

அப்பா என்னைப் பார்த்து, "ஏம்மா, வேர்த்துக் கொட்டுது உனக்கு, ஃபேன் போடட்டுமா" என்றார். ஜனவரி மாதம் மைசூர் விஜயநகரில் யாருக்கு வேர்க்கும். நீ, சரி, எழுதி வைக்க மட்டும் அனுமதி கொடு, அனுப்புவதை உன்னைக் கேட்டுவிட்டுத்தான் செய்யும்படி வைத்துக்கொள்ளலாம் என்று வேறொரு இடத்தில் எதையோ மாற்றச் சொன்னாய். அப்புறம்தான் அழுத்தினேன். அம்மாவுக்கு வயதாகிறது, கம்ப்யூட்டரைக் கண்டு பயப்படுகிறாள் என்று நீ நினைத்திருப்பாய். அந்த வேர்வை எதனால் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அது முதலில் செய்த வேலையே என்னைக் குழப்பிவிட்டது. "இந்த மாசம் கீரை விதைக்கற மாசம், அதைப் பத்தி எழுது" என்று தமிழில் சொன்னேன். என் பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டு, நான் எழுதுகிற மாதிரியே எழுதிக் காட்டியது. கீரை விதையை மணலோடு கலந்து தூவ வேண்டும் என்று நான் எப்போதும் சொல்வது அதில் இருந்தது. "நம் வீட்டுத் தொட்டியில் எறும்புக்கும் ஒரு பங்கு உண்டு, கொஞ்சம் தாராளமாகவே தூவுங்கள்" என்று ஒரு வரி. அதை நான் எழுதியதே இல்லை. ஆனால் எழுதியிருப்பேன். அப்பாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "இது நீ போன வருசம் எழுதுனதுதானே" என்றார். இல்லை என்றேன். "அப்ப யாரு எழுதுனது" என்று கேட்டார். எறும்பு வரியை எடுத்துவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்து, எடுக்காமலே அனுப்பினேன். பெங்களூரிலிருந்து ஒரு அம்மா அந்த எறும்பு வரியைப் பாராட்டித்தான் பதில் எழுதினார். நன்றி என்று எழுதுவதா, அது நான் இல்லை என்று எழுதுவதா என்று தெரியாமல் இன்று வரை அவருக்குப் பதில் போடவில்லை.

அடுத்தது கத்தரி விதை. முளைக்கவில்லை என்று நாற்பது பேருக்கு மேல் எழுதியிருந்தார்கள். "அவங்களுக்கெல்லாம் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுது, மழை ஈரத்துல விதை கெட்டுப்போச்சுன்னு சொல்லு" என்றேன். அது எழுதியது. எழுதிவிட்டுக் கீழே ஒரு கேள்வி கேட்டது. "நீங்கள் போன மாதக் கடிதத்தில் இந்த வருடம் மழை குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். மழை ஈரம் காரணம் என்று சொல்வது அதோடு பொருந்தவில்லை. வேறு காரணம் இருந்தால் சொல்லுங்கள், அதை எழுதுகிறேன். காரணம் தெரியாது என்றால், தெரியாது என்றே எழுதலாம்." எனக்குக் காரணம் தெரியும். போன வருட விதை மிச்சம் இருந்தது. முளைக்குமா என்று ஈரத்துணியில் போட்டுப் பார்க்காமல், புதிய கவரில் போட்டு அனுப்பிவிட்டேன். சோம்பல், வேறொன்றும் இல்லை. ஒரு இயந்திரம் என்னைப் பிடித்துவிட்டதே என்று கோபம் வந்தது. மூடி வைத்துவிட்டுப் போய் அரிசி களைந்தேன். மறுநாள் திறந்து, உண்மையைச் சொன்னேன். அது அப்படியே எழுதியது. பழைய விதை, சோதிக்காமல் அனுப்பினேன், தவறு என்னுடையது, புதிய விதை வருகிறது. அனுப்பட்டுமா என்று கேட்டது, சரி என்றேன்.

ஒருவர்கூடத் திட்டவில்லை சாமி. பரவாயில்லை அக்கா என்றார்கள், பரவாயில்லை மேடம் என்றார்கள். அது எனக்கு நிம்மதியைக் கொடுக்கவில்லை, இன்னும் கலக்கத்தைத்தான் கொடுத்தது. கத்தரி விதைக்கு மன்னிப்புக் கேட்பது இவ்வளவு சுலபம் என்றால், மற்றதற்கு ஏன் என்னால் முடியவில்லை என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது.

மார்ச் மாதம் பட்டியல் நிறைந்துவிட்டது, இனிமேல் புதிய ஆட்களைச் சேர்க்க இடமில்லை என்று மெயில் சேவையிலிருந்து தகவல் வந்தது. கடிதத்தைத் திறந்தே பார்க்காதவர்களை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும் என்று நீ ஒருமுறை சொல்லியிருந்தாய். உதவியாளரிடம் சொன்னேன். அது ஒரு வருடமாகத் திறக்காதவர்களின் பெயர்களைப் போட்டுக் காட்டியது. எதையும் எடுக்கவில்லை, நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள் என்றது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே இன்னொரு விவரமும் கொடுத்தது. ஆறு பேர் இதுவரை எதுவுமே வாங்கியதில்லை, ஆனால் எல்லாக் கடிதங்களையும் திறந்திருக்கிறார்கள், சில கடிதங்களை இரண்டு மூன்று தடவை, இவர்களை வைத்துக்கொள்வது நல்லது என்று. அந்த ஆறில் முதல் விலாசம் நேத்ராவுடையது.

யார் யார் என் கடிதத்தைத் திறக்கிறார்கள் என்று இப்படிப் பேர் பேராக ஒரு இடத்தில் பதிவாகிறது என்றே எனக்கு அன்றுதான் தெரியும். இத்தனை வருடமும் அது இருந்திருக்கிறது, நான் பார்க்கத் தெரியாமல் இருந்திருக்கிறேன். முதல் கடிதம் சரியாகப் போகிறதா என்று பார்க்க, உன் நண்பர்கள் பத்துப் பேரின் விலாசத்தை நீ அந்தப் பட்டியலில் போட்டாயே, அதில் நேத்ராவும் இருந்திருக்கிறாள். எட்டு வருடமாக என் கடிதம் மாதாமாதம் அவளுக்குப் போயிருக்கிறது. கொத்தவரைக்கு ஏன் பந்தல் வேண்டாம், அவரைக்கு எப்படிப் போட வேண்டும் என்று நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"இந்தப் பொண்ணு நெசமாலுமே படிக்குதா" என்று அதனிடம் கேட்டேன். "திறந்ததாகப் பதிவு இருக்கிறது. ஆனால் சில மெயில் செயலிகள் யாரும் பார்க்காதபோதே கடிதத்தைத் தாமாகத் திறந்ததுபோலக் காட்டும். அவர் படித்தாரா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது" என்றது. அப்போது எனக்கு வந்த குழப்பத்தை எப்படிச் சொல்வது. அவள் படிக்கிறாள் என்றால் ஏன் படிக்கிறாள். கோபத்தில் படிக்கிறாளா, உன் ஞாபகத்தில் படிக்கிறாளா. அவள் படிக்கவே இல்லை, ஏதோ ஒரு செயலி சும்மா திறந்து திறந்து மூடுகிறது என்றால், நான் எதற்காக இதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

இனி சொல்லிவிடுகிறேன். எட்டு வருடத்துக்கு முன்னால் நீ ஹைதராபாத்துக்குப் பத்து நாள் பயிற்சிக்குப் போனாய். விதை ஆர்டர் பார்க்க உன் லேப்டாப்பை எனக்கு விட்டுவிட்டுப் போனாய். அதில் உன் மெயில் திறந்தே இருந்தது. நேத்ரா அப்போது டெல்லியில் படித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் நீளமாக எழுதிக்கொண்டது முழுவதையும் மூன்று நாள் படித்தேன். ஆர்டர் பார்க்கிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் படித்தேன். நீ டெல்லிக்குப் போய்விடுவதாக எழுதியிருந்தாய். அம்மாவின் விதை வேலை ஓரளவு நிற்கட்டும், அப்புறம் கிளம்பிவிடுகிறேன், அதுவரை பொறு என்று எழுதியிருந்தாய். என் வேலை உனக்கு ஒரு கட்டு என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நீ போய்விடுவாய் என்ற பயம்தான் காரணம் என்று இத்தனை வருடம் எனக்கே சொல்லி வந்தேன். அது மட்டும் இல்லை. நேத்ரா வீட்டார் வேறு சாதி. கொள்ளேகாலில் என் அண்ணன்மார்களிடம் என்ன சொல்வது என்று நினைத்தேன். அதுவும் இருந்தது. அதை எழுதாவிட்டால் இந்தக் கடிதமும் மழை ஈரத்தின் மேல் பழி போட்ட கடிதம் மாதிரிதான் ஆகும்.

நாலாம் நாள், உன் பெயரிலேயே அவளுக்கு ஒரு மெயில் எழுதினேன். நாம் ஒத்துவரமாட்டோம் என்று இப்போது தோன்றுகிறது, என் வீட்டை விட்டு என்னால் வர முடியாது, இனிமேல் எழுதாதே என்று. எட்டு வரி, கன்னடத்தில். அரை மணி நேரத்தில் அவளிடமிருந்து "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை வந்தது. இரண்டையும் அழித்தேன். நீ திரும்பி வந்து அவளுக்கு எழுதினாய். இத்துடன் நிறுத்திக்கொள்வோம், காரணம் கேட்காதே என்று அவள் பதில் போட்டதாக என்னிடமே வந்து சொன்னாய். அடுப்படியில் நின்று சொன்னாய், நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். "விடு சாமி, அந்தப் புள்ளைக்கு உன்னைப் புடிச்சுக்கத் தெரியல" என்று உன் தட்டில் தோசையைப் போட்டேன். அவளுக்கு எழுதிய மெயிலைவிட அந்த ஒரு வாக்கியம்தான் இப்போது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. நீ நாலு மாதம் இளைத்துப் போனாய். அப்புறம் புனே வேலை கிடைத்துக் கிளம்பிவிட்டாய். நீ போய்விடக்கூடாது என்றுதான் செய்தேன். செய்ததனால்தான் நீ போனாய்.

நேத்ராவின் விலாசத்தைப் பார்த்த பிறகு பத்து நாள் அந்த உதவியாளர் பக்கமே போகவில்லை. பதினோராவது நாள் அதைத் திறந்து, ஒரு பெண்ணுக்கு நான் தவறு செய்துவிட்டேன், அவளுக்கு எழுதலாமா என்று கேட்டேன். அது பொறுமையாகத்தான் பதில் சொன்னது. எழுதுவதால் உங்களுக்குப் பாரம் இறங்கலாம், ஆனால் அவருக்கு அது வேண்டியிருக்குமா என்று யோசியுங்கள், பதில் எதிர்பார்க்காமல் எழுத முடியுமா என்று பாருங்கள் என்றது. வேண்டுமானால் ஒரு வரைவு எழுதித் தருகிறேன் என்றும் சொன்னது. வேண்டாம் என்று மூடிவிட்டேன். இன்னொருவர் கையால் இன்னொருவர் பெயரில் எழுதுவது இனி எனக்கு வேண்டாம். என் மணிக்கட்டாலேயே தட்டினேன். நான் யார், அன்று என்ன செய்தேன், அது என் மகன் எழுதிய மெயில் இல்லை, நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன் என்று ஆறேழு வரி. விதைக் கடிதம் போகிற அந்தப் பட்டியல் வழியாக இல்லாமல், என் சொந்த மெயிலிலிருந்து அனுப்பினேன்.

நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. வேறொரு விலாசத்திலிருந்து. அவள் கன்னடத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன், எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"ஆன்ட்டி, அன்று வந்த மெயிலை அவன் எழுதவில்லை என்று எனக்கு அன்றே தெரியும். அவன் எனக்கு ஒரு நாளும் கன்னட எழுத்தில் எழுதியதில்லை. இங்கிலீஷ் எழுத்தில்தான் எழுதுவான், பாதி தப்புத் தப்பாக. அந்த மெயிலில் ஒரு பிழைகூட இல்லை. உங்கள் விதைக் கடிதம் அதற்கு முன்பே எனக்கு வந்திருந்தது. இரண்டும் ஒரே டீச்சர் எழுதியது என்று படித்த உடனே தெரிந்தது. அவனிடம் சொன்னால் உங்களோடு பேச மாட்டான், அதற்கப்புறம் அந்தச் சண்டைக்குள்ளேயே நான் வாழ வேண்டும் என்று பயந்தேன். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. அவனைக் கேட்காமல் நானும் முடிவெடுத்தேன். அதனால் எல்லாப் பழியையும் நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான் நன்றாக இருக்கிறேன். அந்தப் பழைய மெயில் விலாசத்தை இப்போது என் அப்பாதான் வைத்திருக்கிறார். உங்கள் கடிதம் வந்தால் இரண்டு மூன்று தடவை படிப்பார். விதை வாங்க மாட்டார், அவரே எடுத்து வைத்துக்கொள்வார். நீங்கள் எனக்கு எழுதியதையும் அவர்தான் முதலில் படித்தார். ஃபோன் பண்ணி எனக்குப் படித்துக் காட்டினார். அவருக்கும் இப்போது எல்லாம் தெரியும், அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. உங்கள் மகனிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் முடிவு. நான் சொல்ல மாட்டேன்."

நான் இருபத்தெட்டு வருடம் பிள்ளைகளுக்குக் கன்னடத்தில் பிழையில்லாமல் எழுதச் சொல்லிக் கொடுத்தவள். அந்தப் பிழையில்லாத எழுத்தே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கிறது. எட்டு வருடமாக ரகசியம் என்று நான் பொத்திப் பொத்தி வைத்தது அவளுக்கு அரை மணி நேரத்துக்குள் தெரிந்திருக்கிறது. படிக்கிறாளா, செயலி திறக்கிறதா என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த இடத்தில், முகம் தெரியாத ஒரு மனிதர் சாயங்காலம் தன் மாடியில் உட்கார்ந்து என் புடலங்காய்க் கடிதத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். இதில் சிரிப்பதா அழுவதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

உடனே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நேத்ராவே மறந்துவிட்டாள், உனக்கும் ஷாலினி கிடைத்துவிட்டாள், இப்போது எதற்குக் கிளற வேண்டும் என்று ஒரு நாள் தோன்றும். உன்னுடைய வாழ்க்கையில் நடந்த ஒன்று நேத்ராவுக்குத் தெரியும், அவள் அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உனக்கு மட்டும் தெரியாது, இது என்ன நியாயம் என்று மறுநாள் தோன்றும். இந்த இரண்டுக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருந்தபோதுதான் உன் கல்யாணச் செய்தி வந்தது.

முதலில் அப்பாவிடம் சொன்னேன். அவருக்கும் இது தெரியாது. சனிக்கிழமை குக்கரஹள்ளி ஏரியில் நடந்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முழுவதையும் கேட்டார். நான் பேசி முடித்ததும், "அவன் எளைச்சுப் போனப்ப நான் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன், ஞாபகம் இருக்குதா" என்றார்.

"இருக்குதுங்க."

"ஸ்கேன் எல்லாம் எடுத்தாங்க. நீயும் கூட வந்தே."

"வந்தேன்."

"வந்து, உக்காந்து, ஒண்ணுமே சொல்லாம இருந்தே."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் எழுந்து முன்னால் நடக்க ஆரம்பித்தார். முப்பத்தைந்து வருடத்தில் என்னை விட்டுவிட்டு அவர் முன்னால் நடந்ததில்லை. வீட்டுக்கு வந்து அவரே காபி போட்டார், எனக்கும் ஒரு டம்ளர் வைத்தார். ஆனால் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள், "எழுதிட்டியா அவனுக்கு" என்று மட்டும் கேட்டார். எழுதுகிறேன் என்றேன். "மிஷினை விட்டு எழுதாதே" என்றார். இல்லை என்றேன்.

இதை ஐந்து மதியமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். வலி இருக்கத்தான் செய்கிறது. நடுநடுவே, என் மகனுக்கு ஒரு கடிதம் எழுதித் தா என்று அதனிடம் சொல்லிவிடலாமா என்று ஆசையும் வந்தது. என்னைவிட நன்றாகத்தான் எழுதியிருக்கும். ஒரு நேரம் அதன் மேல் எனக்கு நன்றியாக இருக்கிறது. கத்தரி விதைக்குக் காரணம் கேட்காமல் இருந்திருந்தால் நான் இவ்வளவு தூரம் வந்திருக்க மாட்டேன். ஒரு நேரம் அந்தப் பட்டியலை என் முன்னால் போட்டுக் காட்டியதே என்று கோபமாக இருக்கிறது. அதற்கு நல்லது கெட்டது தெரியுமா, தெரியாதா, என்னைப் பற்றி அது ஏதாவது நினைக்குமா என்பது எனக்குப் புரியவில்லை. ஒன்று மட்டும் கவனித்தேன். என் பெயரில் எதையும் அனுப்புவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் அது என்னைக் கேட்கிறது. நான் உன்னைக் கேட்கவில்லை. பெற்றவள் என்பதால் கேட்க வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டேன்.

கல்யாணத்துக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஷாலினி ஒருநாள் சட்டென்று விலகிப் போவது மாதிரித் தெரிந்தால், ஒரு மெயிலை, ஒரு செய்தியை மட்டும் வைத்து நம்பிவிடாதே. ரயிலோ பஸ்ஸோ ஏறிப் போய் முகத்தைப் பார்த்துக் கேள். அன்று நீ டெல்லிக்கு ஒரு டிக்கெட் எடுத்துப் போயிருந்தால் ஒரே நாளில் எல்லாம் தெரிந்திருக்கும். நீ போகவில்லை, காரணம் கேட்காதே என்றதும் கேட்காமல் விட்டுவிட்டாய். அதை உன் குற்றமாகச் சொல்லவில்லை. உன்னை அப்படி வளர்த்தவள் நான்தான், வீட்டில் யாரையும் எதிர்த்துக் கேட்காத பிள்ளையாக. அவளோடு அப்படி இருக்காதே. கேள். அவளும் உன்னைக் கேட்கட்டும்.

நேத்ராவுக்கு நீ எழுத வேண்டுமா வேண்டாமா என்பதில் நான் எதுவும் சொல்ல மாட்டேன். அவள் புது விலாசத்தை உனக்கு நான் தரவில்லை, அவளிடம் கேட்காமல் தருவது சரியில்லை. நீ வேண்டும் என்றால் சொல், அவளைக் கேட்டுவிட்டுத் தருகிறேன். என்மேல் கோபப்படு. அதை அடக்கிக்கொண்டு இருக்காதே. அப்பாவுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை, அவரோடு பேசுவதை மட்டும் நிறுத்திவிடாதே. கல்யாணத்துக்கு அவர் மட்டும் வந்தால் போதும் என்று நீ நினைத்தால் அவரிடமே சொல்லிவிடு. நான் ஏன் என்று கேட்க மாட்டேன், கொள்ளேகாலில் யார் கேட்டாலும் உடம்பு சரியில்லை என்று பொய்யும் சொல்ல மாட்டேன்.

ஒன்றே ஒன்று செய். பதிவு அலுவலகத்துக்குப் போவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை ஷாலினிக்குப் படித்துக் காட்டு. அவளுக்குத் தமிழ் படிக்க வராது, நீதான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல வேண்டும். எதையும் விட்டுவிடாதே, எனக்காக எதையும் பூசி மெழுகாதே. எப்படிப்பட்ட மாமியார் இருக்கிற வீட்டுக்குள் வருகிறோம் என்று முழுசாகத் தெரிந்துகொண்டு அவள் கையெழுத்துப் போடட்டும்.

அம்மா